கேட்டது இரண்டு, கிடைத்தது மூன்று: ஒரு கல்லீரல் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் நிகழ்வு ஆய்வு

இது கற்பித்தலுக்காகத் தொகுத்து அமைத்த நிகழ்வு; எந்தத் தனி நபரின் மருத்துவப் பதிவும் அல்ல. படங்களில் தெரிந்தவையும் நேரக் கணக்கும் ஸ்கேன் அறையில் வழக்கமாகப் பார்க்கும் வகையைச் சேர்ந்தவைதான்.

நோயாளியும் கேள்வியும்

61 வயது ஆண். 2 ஆண்டுகளுக்கு முன்பு பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, அதைத் தொடர்ந்து கீமோ. நீரிழிவும் ரத்த அழுத்தமும் நெடுநாளாக உண்டு. கீமோ முடிந்த பிறகு சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளர்ந்து, அதன் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 27-க்கு வந்துவிட்டது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறுதல்) இல்லை, ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ், மது கிடையாது.

தொடர் பரிசோதனையில் ரத்தத்தில் சிஇஏ (பெருங்குடல் புற்று திரும்புகிறதா என்று கண்காணிக்கப் பார்க்கும் புரதம்) அளவு 3.1-இலிருந்து 7.8-க்கு ஏறியிருந்தது. கான்ட்ராஸ்ட் (படத்தைத் துலக்க ரத்தத்தில் ஏற்றும் மருந்து) இல்லாத சிடி எடுத்தார்கள். நுரையீரலும் வயிற்றின் மற்ற பகுதிகளும் சுத்தம். கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. உள்ளே ஏதோ இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் ஒரு தோற்றம். அடுத்து சாதாரண அல்ட்ராசவுண்ட். அதில் 2 இடங்கள் தெரிந்தன. கல்லீரலை எண்ணிட்டுப் பிரிக்கும் பகுதிகளில் செக்மென்ட் 6-இல் 2.3 செமீ அளவுக்குக் கருமையான உருண்டை ஒன்று. செக்மென்ட் 4-இல் பித்தப்பைக்கு ஒட்டி 1.6 செமீ அளவில் ஒழுங்கற்ற கருந்திட்டு ஒன்று. புற்றுநோய் மருத்துவர் அனுப்பிய சீட்டில் ஒரே வரி: "இரண்டும் மெட்டாஸ்டாசிஸா?"

பழைய புற்று கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. பெருங்குடல் புற்றுநோய் வந்தவர், சிஇஏ ஏறுகிறது, கல்லீரலில் புதிய புள்ளிகள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் கை நேராக கீமோ சீட்டுக்குத்தான் போகும். ஆனால் கொழுப்பு படிந்த கல்லீரல் சாதாரண அல்ட்ராசவுண்டில் கண்ணை நன்றாகவே ஏமாற்றும். ஹீமாஞ்சியோமா (ரத்தக்குழாய்களால் ஆன தீங்கற்ற கட்டி) வெள்ளையாகத் தெரியும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். கல்லீரலே வெள்ளையாக இருக்கும்போது அதே ஹீமாஞ்சியோமா கறுப்பாகத் தெரியும். கொழுப்பு படியாமல் தப்பிய நல்ல கல்லீரல் திசுவும் கறுப்பாகத்தான் தெரியும். செக்மென்ட் 4-இல் பித்தப்பைக்குப் பக்கத்தில் அப்படித் தப்பிய திட்டு இருப்பது ரொம்பச் சகஜம். அந்த இடத்துக்கு வரும் சிரை ரத்தத்தின் பாதையே கொஞ்சம் வேறு. ஆகவே கருமை என்ற ஒன்றை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஏன் இந்தப் பரிசோதனை

இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போய்விட்டால் அயோடின் கான்ட்ராஸ்ட் கூடவே கூடாது என்பதில்லை. தேவை இருந்தால் சிறுநீரக மருத்துவருடன் பேசி, தயார்படுத்திக் கொடுக்கலாம். ஆனால் புள்ளிகள் இரண்டும் அல்ட்ராசவுண்டிலேயே தெரிகின்றன, ஆழமும் அதிகமில்லை. நுண்குமிழிகளை ரத்தத்தில் செலுத்திப் பார்க்கும் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் என்ற, சிறுநீரகத்தைத் தொடாத வழி கையில் இருக்கும்போது அதை முதலில் எடுப்பதுதான் முறை. புள்ளி தெரிந்தால் முதலில் குமிழி, அதில் பதில் கிடைக்காவிட்டால் மற்றவை. இது என் கருத்து மட்டுமல்ல. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், சாதாரண அல்ட்ராசவுண்டில் தற்செயலாகத் தெரியும் கல்லீரல் புள்ளிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 2012-லேயே பரிந்துரைத்துவிட்டது.

பயன்படுத்தியது சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு வாயு அடங்கிய நுண்குமிழிகள். ஐரோப்பாவில் சோனோவியூ, அமெரிக்காவில் லூமாசன் என்ற பெயரில் வருவது. குமிழியின் சராசரி விட்டம் சுமார் 2.5 மைக்ரான், அதாவது சிவப்பணுவைவிடச் சிறியது. நுரையீரல் நுண்குழாய்களைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும், ஆனால் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது. சிடி, எம்ஆர்ஐ-யில் வழக்கமாகக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் திசு இடைவெளிக்குள்ளும் ஊறும். பின்னால் வரும் எல்லா விளக்கத்துக்கும் இந்த ஒரு வித்தியாசம்தான் அடிப்படை.

நோயாளிக்கும் கவலை அதுதான். "இந்த மருந்து கிட்னியைப் பாதிக்குமா டாக்டர்?" என்று கேட்டார். "இது மூச்சு வழியாகவே வெளியே போய்விடும் ஐயா, கிட்னிக்கு இதில் வேலை இல்லை" என்பது பதில். உண்மையும் அதுதான். உள்ளே போகும் வாயுவில் 80 சதவீதத்துக்கு மேல் 2 நிமிடங்களுக்குள் மூச்சில் வெளியேறிவிடுகிறது. கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்ந்த மருந்துகளுக்கு முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டோம், இதய நிலவரத்தையும் விசாரித்தோம். அவசர மருந்துத் தள்ளுவண்டி அறைக்குள்ளேயே நின்றது.

தயாரிப்பு

இந்தப் பகுதியைப் பலர் நர்சிடம் விட்டுவிடுவார்கள். பரிசோதனை கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

குப்பியில் இருப்பது 25 மில்லிகிராம் வெண்பொடி. 5 மில்லி சலைன் செலுத்தி 20 விநாடி நன்றாகக் குலுக்கினால் பால்போல் வெளுத்த திரவம் கிடைக்கும். கொஞ்ச நேரம் மேசையில் வைத்தால் குமிழிகள் மேலே மிதந்துவிடும். அப்படியே அடியிலிருந்து உறிஞ்சினால் சிரிஞ்சில் வருவது ஏறக்குறைய வெறும் சலைன்தான். அதனால் ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் மறுபடி குலுக்க வேண்டும். சிரிஞ்சில் எடுத்துவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கவும் கூடாது.

20 கேஜ் கேனுலா, முழங்கை மடிப்பில். த்ரீ-வேயில் (மூன்று வழி இணைப்பு) கான்ட்ராஸ்ட் நேர்வழியில், சலைன் பக்கவழியில். மாற்றிப் போட்டால் 90 டிகிரி வளைவில் அழுத்தம் பட்டுக் குமிழிகள் உடையும். சன்னமான ஊசியில் வேகமாகத் தள்ளினாலும் அதே கதி. ஒவ்வொரு தடவையும் 1.2 மில்லி, உடனே 10 மில்லி சலைன். மருந்து உள்ளே போகும் கணத்தில் ஸ்டாப்வாட்ச்.

மெஷினில் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலி அலையின் வலுவைக் காட்டும் எண்) 0.06. இதைக் கூட்டினால் படம் பளிச்சென்று தெரியும், குமிழிகள் உடைந்து தீர்ந்துவிடும். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கான்ட்ராஸ்ட் படம், மறுபக்கம் சாதாரணப் படம். ஃபோகஸ் புள்ளிக்குச் சற்றுக் கீழே.

முதல் ஊசி: செக்மென்ட் 6

14-ஆவது விநாடியில் தமனி ஒளிர்ந்தது. 16-இல் கட்டியின் ஓரத்தில் தனித்தனியாக 4, 5 வெண்முடிச்சுகள். இடையில் கறுப்பு, நடுவிலும் கறுப்பு. ஓரம் முழுக்க வளையமாக ஒளிர்ந்தால் மனது மெட்டாஸ்டாசிஸ் பக்கம் போகும். இங்கே வளையம் இல்லை, விட்டுவிட்டு வந்த முடிச்சுகள் மட்டுமே. 40-ஆவது விநாடியில் அவை பெருத்து உள்ளே நகர்ந்திருந்தன. 90-இல் நடுவில் ஒரு சிறு கருமை மிச்சம். 3 நிமிடத்தில் கட்டி முழுக்க நிரம்பி, சுற்றியுள்ள கல்லீரலைவிட ஒரு படி வெளுப்பாகவே நின்றது. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோன்ற ஹீமாஞ்சியோமா. விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். முதல் 60 விநாடி புரோபை எடுக்காமல் தொடர்ந்து பதிவு செய்கிறோம்; அது சரி. அதன் பிறகும் அதே இடத்தில் விடாமல் அலையைச் செலுத்திக்கொண்டிருந்தால் குறைந்த இண்டெக்ஸிலும் குமிழிகள் மெல்ல மெல்ல உடையும். ஹீமாஞ்சியோமாவுக்குள் ரத்தம் தேங்கி மெதுவாக நகர்வதால் உடைந்த குமிழிக்கு மாற்று சீக்கிரம் வந்து சேராது. திரையில் கட்டி கறுக்கத் தொடங்கும். வாஷ்அவுட் (ஒளிர்ந்த கட்டி பிறகு சுற்றுக் கல்லீரலைவிடக் கறுப்பது, புற்றைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளம்) என்று எழுதத் தோன்றும். ஆகவே 1 நிமிடத்துக்குப் பிறகு ஃப்ரீஸ் போட்டுவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை சில விநாடி மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டாவது ஊசி: செக்மென்ட் 4

முதல் குமிழிகள் தீரும்வரை காத்திருந்து இரண்டாவது ஊசி. ஒரு ஊசிக்கு ஒரு தமனிக் கட்டம்தான், அதாவது குமிழிகள் தமனி வழியே முதலில் வந்து சேரும் நேரம். இரண்டு புள்ளிகள் ஒரே தளத்தில் அமையாவிட்டால் ஒரே ஊசியில் இரண்டின் தமனிக் கட்டத்தையும் பிடிக்க முடியாது.

இந்தத் திட்டு விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. தமனிக் கட்டம், போர்ட்டல் கட்டம் (குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் குமிழிகள் சேரும் நேரம்), பிந்திய கட்டம் (2 நிமிடத்துக்குப் பின்) எதிலும் சுற்றியுள்ள கல்லீரலிலிருந்து அது பிரிந்து தெரியவே இல்லை. சாதாரணப் படத்தில் கருந்திட்டு அப்படியே நிற்கிறது. கான்ட்ராஸ்ட் பக்கத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சிறிய கல்லீரல் சிரை ஒன்று திட்டின் ஊடாக வளையாமல் நேராகப் போனது. கொழுப்பு படியாமல் தப்பிய சாதாரணத் திசு.

கேட்ட கேள்விக்கு இத்துடன் பதில் முடிந்தது: இரண்டும் மெட்டாஸ்டாசிஸ் அல்ல. பல இடங்களில் இந்த நிமிடத்தில் ஜெல்லைத் துடைத்துவிடுவார்கள். ஆனால் சிஇஏ ஏன் ஏறியது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. ஸ்டாப்வாட்ச் 2 நிமிடம் 10 விநாடி காட்டியது. கல்லீரல் முழுக்க இன்னும் குமிழிகள் நிரம்பி இருந்தன.

துழாவல்

போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்கு வரும் ரத்தம் சுமார் முக்கால் பங்கு, தமனி வழியே கால் பங்கு. மெட்டாஸ்டாசிஸ் பெரும்பாலும் தமனி ரத்தத்தை நம்பியே வளர்கிறது. சாதாரணக் கல்லீரலில் உள்ள சைனுசாய்டு குழாய்கள் அதற்குள் கிடையா. ஆகவே 2 நிமிடத்துக்கு மேல் நல்ல கல்லீரல் குமிழிகளைத் தேக்கி ஒரே சீராக ஒளிரும்போது மெட்டாஸ்டாசிஸ் மட்டும் துளை விழுந்ததுபோல் கறுப்பாக நிற்கும். 5 மிமீ அளவுக்குக்கூடத் தெரியலாம். இதற்குக் கிடைக்கும் நேரம் ஊசி போட்ட 2 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 4, 5 நிமிடம்வரை. அதற்குள் இடது மடல், விலா இடுக்குகள், விலாவுக்குக் கீழே என்று மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, புரோபை மெதுவாக நகர்த்தி, முழுக் கல்லீரலையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

3 நிமிடத்தில் செக்மென்ட் 5-இல், தோலிலிருந்து 4 செமீ ஆழத்தில், 9 மிமீ அளவுக்குக் கூர்மையான ஒரு கருந்துளை. பக்கத்துச் சாதாரணப் படத்தில் அதே இடத்தில் எதுவும் இல்லை. தெரிந்தபிறகு திரும்பத் திரும்பப் பார்த்தும் இல்லை. காரணம் இருக்கிறது: பெருங்குடலிலிருந்து வரும் பரவல் கட்டிகள் பல நேரம் வெளுப்பானவை. கல்லீரலும் கொழுப்பால் வெளுத்திருந்தால் வெள்ளைக்குள் வெள்ளை கரைந்துவிடும்.

துழாவலில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் புற்று அல்ல. சிறு நீர்க்கட்டிதான் அடிக்கடி ஏமாற்றுவது. அதைப் பக்கத்துச் சாதாரணப் படத்திலேயே கண்டுகொள்ளலாம், தெளிவான கருங்குமிழ், பின்னால் ஒளிக்கீற்று. பித்தப்பையின் மடிப்பும் தசைநார்களும் குறுக்குவெட்டில் துளைபோல் காட்டும். கொழுப்புக் கல்லீரலில் இன்னொரு சிக்கல்: ஆழம் போகப்போக அலை வலுவிழந்து அடிப்பகுதி முழுக்கவே கறுக்கும். சந்தேகம் வந்தால் அதே ஆழத்தில் பக்கத்துத் திசு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே பக்கத்துத் திசு நன்றாக ஒளிர்ந்தது, துளை மட்டும் தனியே.

மூன்றாவது ஊசி

பிந்திய கட்டத்தில் கண்டதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. சாதாரணப் படத்தில் தெரியாத புள்ளியின் தமனிக் கட்டத்தை எப்படிப் பிடிப்பது? துளை திரையில் இருக்கும்போதே புரோபை அசைக்காமல் வைத்து, பக்கத்தில் உள்ள போர்ட்டல் கிளையை அடையாளம் வைத்துக்கொண்டு, மீண்டும் மருந்து செலுத்தலாம். அப்படியே செய்தோம். 15-ஆவது விநாடியில் மெல்லிய வளையமாக ஒளிர்ந்தது. 32-இலேயே சுற்றுத் திசுவைவிடக் கறுக்கத் தொடங்கி, 80-இல் மறுபடி அதே துளை. சீக்கிரமான, அழுத்தமான வாஷ்அவுட். மெட்டாஸ்டாசிஸ் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ரிப்போர்ட்டில் எழுதியது இப்படி: "செக்மென்ட் 6, 23 மிமீ: ஹீமாஞ்சியோமா. செக்மென்ட் 4, 16 மிமீ: கொழுப்பு படியாத சாதாரணத் திசு. செக்மென்ட் 5, 9 மிமீ, சாதாரணப் படத்தில் தெரியாதது: வளைய ஒளிர்வு, 32 விநாடியில் வாஷ்அவுட், மெட்டாஸ்டாசிஸ். செக்மென்ட் 7, 8-இன் மேற்பகுதி நுரையீரல் மறைத்ததால் முழுமையாகப் பார்க்க இயலவில்லை." கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. அதை எழுதாமல் விட்டால், வேறு எங்கும் எதுவும் இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இதே படம் சிரோசிஸ் நோயாளிக்கு என்றால்

இந்த ரிப்போர்ட்டில் லை-ராட்ஸ் (கட்டி கல்லீரல் புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று வகைப்படுத்தும் முறை) எண் போடவில்லை, வேண்டுமென்றேதான். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் லை-ராட்ஸ், கல்லீரல் புற்றுநோய் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, அதாவது சிரோசிஸ், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி போன்றவை உள்ளவர்களுக்கு மட்டும் உரியது. சாதாரணக் கல்லீரலுக்கும் 'எல்ஆர்-5' என்று போட்டு வரும் ரிப்போர்ட்டுகள் உண்டு, எரிச்சலாக இருக்கும்.

சிரோசிஸில் 10 மிமீ அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி தமனிக் கட்டத்தில் வளையமாக இல்லாமல் ஒளிர்ந்து, 60 விநாடி அல்லது அதற்குப் பிறகு, மிதமாகக் கறுத்தால் எல்ஆர்-5: பயாப்ஸி இல்லாமலே ஹெபடோசெல்லுலார் கார்சினோமா (கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் புற்று) என்று எடுக்கலாம். வளைய ஒளிர்வு, அல்லது 60 விநாடிக்குள் வாஷ்அவுட், அல்லது 2 நிமிடத்துக்குள் துளை விழுந்ததுபோன்ற அழுத்தமான வாஷ்அவுட் வந்தால் எல்ஆர்-எம். புற்றுதான், ஆனால் எந்த வகை என்று திசு எடுத்துத்தான் சொல்ல வேண்டும். பித்தநாளப் புற்று இந்த வகுப்பில்தான் விழும். சிடி-யிலும் எம்ஆர்ஐ-யிலும் கான்ட்ராஸ்ட் அதன் நார்த்திசுவுக்குள் ஊறுவதால் அது பிந்திய கட்டத்தில் ஒளிரும். குமிழிகள் ஊறாததால் இங்கே சீக்கிரமே கறுக்கும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, ஒன்று தவறு என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சரிதான்.

அதனால்தான் ஸ்டாப்வாட்சில் இவ்வளவு பிடிவாதம். 32 விநாடியா 75 விநாடியா என்பதில் சிகிச்சையே மாறும். "போர்ட்டல் கட்டத்தில் வாஷ்அவுட்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு அந்த வித்தியாசம் போய்ச் சேராது.

பிறகு நடந்தது

மறைந்திருந்த மேற்பகுதிக்காகக் கான்ட்ராஸ்ட் இல்லாமல், டிஃப்யூஷன் படங்களுடன் (திசுவில் நீரின் நகர்வைக் காட்டுபவை) எம்ஆர்ஐ எடுத்தார்கள். செக்மென்ட் 5 புள்ளி அதிலும் தெரிந்தது; வேறு எங்கும் இல்லை. கூட்டு ஆலோசனையில் பயாப்ஸி வேண்டுமா என்று வாதம் வந்தது. ஊசி போன பாதையில் புற்று விதைந்துவிடும் என்ற பயம் அறுவை சிகிச்சை மருத்துவருக்கு. அதில் நியாயம் உண்டு. திசு முடிவு இல்லாமல் சிகிச்சை வேண்டாம் என்று புற்றுநோய் மருத்துவர். கடைசியில் ஒரே அமர்வில் இரண்டும் என்று முடிவானது: முதலில் உறை ஊசி வழியே திசு, உடனே மைக்ரோவேவ் மூலம் எரிப்பு.

சாதாரணப் படத்தில் தெரியாத கட்டி என்பதால் ஊசியை வழிநடத்தவும் குமிழிதான். பிந்திய கட்டத்தில் துளை தெரிந்துகொண்டிருந்த நேரத்தில் ஊசி உள்ளே போனது. எரித்து முடித்து, கிளம்பிய வாயு மேகம் கலைந்தபின் இன்னொரு ஊசி போட்டுப் பார்த்ததில் ஒளிராத பகுதி 31 மிமீ. 9 மிமீ கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் விளிம்பு கிடைத்திருந்தது. திசு முடிவு அடினோகார்சினோமா (சுரப்பித் திசுப் புற்று); புற்றின் பிறப்பிடத்தைக் காட்டும் குறிப்பான்களில் சிகே20 பாசிட்டிவ், சிடிஎக்ஸ்2 பாசிட்டிவ், சிகே7 நெகட்டிவ், அதாவது பெருங்குடலிலிருந்து வந்தது. அடுத்த பரிசோதனையில் சிஇஏ 3.4.

நடைமுறையில் ஒன்று மாற்றிக்கொள்ளலாம். எந்த ஊசியின் பிந்திய கட்டத்தைத் துழாவலுக்கு ஒதுக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ஹீமாஞ்சியோமா என்று சந்தேகப்படும் கட்டியின் ஊசி அதற்கு உதவாது; அது நிரம்புவதைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். சீக்கிரம் விடை தெரிந்துவிடும் புள்ளியின் ஊசிதான் தோது. ஜப்பானில் 2007 முதல் புழக்கத்தில் உள்ள சோனசாய்டு என்ற வேறொரு குமிழி மருந்து கிடைக்கும் இடங்களில் இந்த அவசரம் இல்லை. கல்லீரலின் குப்ஃபர் செல்கள் அந்தக் குமிழிகளை விழுங்கி வைத்துக்கொள்வதால், 10 நிமிடத்துக்குப் பிறகு ஆற அமரத் துழாவலாம்.

தொடர் கண்காணிப்புக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை சிஇஏ, கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட். செக்மென்ட் 7, 8-இன் மேற்பகுதிக்காக இடையிடையே கான்ட்ராஸ்ட் இல்லாத எம்ஆர்ஐ. கோரிக்கைச் சீட்டில் இனி "செக்மென்ட் 5 எரிப்புப் பகுதி பார்க்கவும்" என்பதோடு "2 நிமிடத்துக்குப் பின் முழுக் கல்லீரல் துழாவல்" என்ற வரியும் சேர்ந்தே போகிறது.